உள்ளே விட்ட துணி

ஜாக்கெட்டுக்கு உள்ளே துணி விடுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. பக்கத் தையலில் முக்கால் இன்ச், மிஞ்சிப்போனால் ஒரு இன்ச். பிற்பாடு உடம்பு வைத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம், அதற்குத்தான் அது. அந்த அக்கா இரண்டு இன்ச் விடுவார். நான் வேறு பக்கம் திரும்பினால் இரண்டரை விடுவார்.

"கக்கத்துல தலகாணி வச்ச மாதிரி இருக்கும்க்கா. போட்டுக்கிறவ கையைக் கீழ எறக்க முடியாது" என்று கத்துவேன்.

"உள்ளதான டீச்சர் கிடக்கு. கிடந்தா சோறா கேக்கப் போகுது?" என்பார்.

உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. கீழே நூல், லைனிங், ஹூக்கு, கைக்குழந்தைக்கான தொப்பி, சாக்ஸ். மாடியில் ஆறு மெஷின் போட்டுத் தையல் வகுப்பு. இரண்டாயிரத்து இரண்டில் அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது, அவருக்கு நாற்பதுக்கு மேல். கூடப் படித்ததெல்லாம் பத்தாவதில் கோட்டைவிட்டுவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் வீட்டுக்காரர் இன்னும் பக்கத்து ஊரான கோம்பையில்தான் இருக்கிறார். பஸ் மாற இங்கே வந்தால் என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் நாளே எனக்கு எரிச்சல் மூட்டினார். என் வகுப்பில் எதற்கும் வரிசை உண்டு. முதலில் கைத்தையல், காஜா, ஹூக்கு. அப்புறம் பேப்பரில் வெட்டிப் பழகவேண்டும். பிறகு ஜப்லா என்கிற கைக்குழந்தைச் சட்டை, பாவாடை. ஜாக்கெட்டைத் தொட நாலு மாதம் ஆகும். இவர் வந்து உட்கார்ந்ததும் மஞ்சள்பையிலிருந்து ஓர் அரக்கு நிற ஜாக்கெட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"இந்த அளவுக்கு ஒண்ணு தைக்கத் தெரிஞ்சாப் போதும் டீச்சர். மத்ததெல்லாம் எனக்கு வேணாம்."

விரித்துப் பார்த்தேன். மார்புச் சுற்றளவு முப்பது இன்ச் இருக்கும். அக்காவோ நல்ல வாட்டசாட்டமான உடம்பு.

"யாருக்குக்கா இது?"

"மகளுக்கு."

"அப்ப மகளை அனுப்பி வைங்களேன். சின்னப் பிள்ள, சட்டுனு பிடிச்சுக்கிரும்."

ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பெரிய திமிர்தான் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் அவர் பிடிவாதம் என் பிடிவாதத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஜப்லாவும் பாவாடையும் இல்லாமலே ஜாக்கெட்டுக்குத் தாண்டிய ஒரே ஆள் என் வகுப்பில் அவர்தான்.

ஜன்னலோர மெஷின்தான் அவருக்கு வேண்டும். அங்கே உட்கார்ந்தால் மேற்கு மலை தெரியும். வேறு யாராவது முந்தி உட்கார்ந்துவிட்டால், அந்தப் பிள்ளை எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். சண்டை போட மாட்டார், சும்மா நிற்பார். அது சண்டையைவிட மோசம்.

இரண்டாவது மாதம் முதன்முதலாகத் துணியில் வெட்டினார். கத்தரிப்பூக் கலரில் பட்டுக்கரை போட்ட துணி. இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். துணியை மடித்துப் போட்டு இரண்டு கையையும் சேர்த்து வெட்டவேண்டும். தனித்தனியாக வெட்டினால் இப்படி ஆகும். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"தீபாவளிக்கு இருவது நாள்கூட இல்ல டீச்சர். இதே துணிக்கு நான் எங்க போவேன்?"

ஒரு கைத்துணிக்கு யாராவது இப்படி அழுவார்களா? கீழே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேற்கு மலைக்குப் போகிற ஜீப்பின் டிரைவர், வேறு சாதிப் பையன். அவனோடு அந்தப் பிள்ளை மலை ஏறிவிட்டது. எந்தத் தோட்டம் என்பது தெரியும், ஆனால் யாரும் தேடிப் போகக்கூடாது என்று அப்பாக்காரர் சொல்லிவிட்டார்.

"தேடாட்டிப் போகுது டீச்சர். பதினாறாம் நாள் ஊரைக் கூட்டிக் கருமாதி செஞ்சாக. மொட்டை போட்டுக்கிட்டாக. உசுரோட இருக்குற பிள்ளைக்கு. வந்தவுகளுக்கெல்லாம் நான்தான் சோறு போட்டேன்."

உடுப்பு, புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அந்த அரக்கு ஜாக்கெட் மட்டும் தப்பித்தது. அதற்கு முந்தின தீபாவளிக்குப் புதுசு தைக்க, அளவுக்கென்று டெய்லரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அக்கா போய்க் கேட்டபோது டெய்லர் அளவு ஜாக்கெட்டையும் வெட்டாத துணியையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். செத்துப்போன பிள்ளைக்கு ஜாக்கெட் தைத்தேன் என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக்காரர் கடையை நொறுக்கிவிடுவார், வேண்டாம் தாயி என்றாராம். ஊரில் இருந்த மற்ற இரண்டு டெய்லர்களும் அதையேதான் சொன்னார்கள். அதனால்தான் இவரே தைக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் டீச்சர். அவ நல்லா இருக்காளான்னு தெரியணும். இதைப் போட்டுப் பாத்துட்டு, பத்துச்சு, பத்தலன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டாப் போதும்."

கடையில் இருந்த துணிகளில் கலர் ஒத்துப்போனதைத் தேடி எடுத்து நானே கை வெட்டிக் கொடுத்தேன். கிட்டத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்தான். அதற்கு மேல் அவரிடம் வரிசை, பாடம் என்று நான் பேசவில்லை. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு அந்த ஜாக்கெட் முடிந்தது. பக்கத்தில் இரண்டு இன்ச் துணி. "ஒரு வருசமா நான் அவளைப் பாக்கல. எவ்வளவு உடம்பு வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அக்காவின் தெருவிலேயே ஒருத்தி ஏலக்காய் எடுக்கத் தினமும் மலைக்குப் போய் வந்தாள். விடியும் முன்னே ஜீப் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். நான் அவளை ஏலக்காய்க்காரி என்றுதான் சொல்வேன். அவளிடம் ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பிவிட்டு, சாயங்காலம் ஜீப் வந்து நிற்கிற இடத்தில் அக்கா போய் நின்றார். குடுத்துட்டேன்க்கா, அவ நல்லாருக்கா என்றாளாம்.

"பத்துச்சாமா?"

"சரியா இருந்துச்சாம்."

அது அக்காவுக்குப் போதவில்லை. பொங்கலுக்கு ஒன்று தைத்தார். சித்திரைத் திருவிழாவுக்கு ஒன்று தைத்தார். ஒவ்வொரு தடவையும் கேள்வி கூடிக்கொண்டே போனது. கை இறுக்குதா, முதுகு ஏறுதா, கழுத்து இறக்கமா இருக்கா, கீழ்ப்பட்டி எட்டுதா. ஏலக்காய்க்காரி தலையை ஆட்டினால் விடமாட்டார். ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த தீபாவளி ஜாக்கெட்டுக்குப் பதில் வந்த மறுநாள் அக்கா மாடிப்படி ஏறி வந்த வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"டீச்சர், இறுக்குதாம்."

"அதுக்கா இம்புட்டுச் சந்தோசம்? பிரிச்சு விட்டுக்கச் சொல்லுங்க."

"இறுக்குதுன்னா உடம்பு வச்சிருக்கா. நல்லாச் சாப்பிடுறா. அந்தப் பையன் பட்டினி போடல."

பொங்கல் ஜாக்கெட்டுக்கு வந்த பதில், மார்புப் பக்கம் பத்தவில்லை என்பது. அன்றைக்கு அக்கா மெஷினில் உட்கார்ந்தவர் பெடலை மிதிக்கவே இல்லை. விரல் விட்டு மாதம் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, ஜப்லா எப்படி வெட்டுவது என்று பேப்பரில் மட்டும் காட்டச் சொன்னார். துணியைத் தொடமாட்டேன் என்றார். பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்குத் தைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேப்பரில் வெட்டியதையும் மடித்து மெஷினுக்கு அடியில் போட்டு வைத்தார். சித்திரையில் ஏலக்காய்க்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆணா பொண்ணா சொல்லு என்று கேட்டாராம். பையன் என்றாளாம் அவள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் ஏலக்காய்க்காரி என் கடைக்கு வந்தாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கையில் ஒரு துணிமூட்டை. கவுண்டர் மேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே ஆறு ஜாக்கெட். எல்லாம் அக்கா தைத்தது, ஒன்றில்கூட மடிப்புக் கலையவில்லை.

"ஒண்ணுகூடக் குடுக்கல டீச்சர்" என்றாள்.

முதல் தடவை உண்மையாகவே தேடிப் போயிருக்கிறாள். அந்தத் தோட்டத்தை விட்டு அவர்கள் போய் மூன்று மாதமாகிவிட்டது, எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து ஜீப்பிலிருந்து இறங்கும்போது அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா மொகத்தைப் பாத்தேன் டீச்சர், குடுத்துட்டேன்னு வாயில வந்துருச்சு. அடுத்தாப்புல பத்துச்சா இறுக்குதான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? சும்மா இறுக்குதுன்னு சொன்னேன். அக்கா அதைப் பிடிச்சுக்கிட்டுப் பிள்ளையே பெத்துருச்சு."

அவளை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. நீயே போய்ச் சொல்லு என்றேன். மருந்தைக் குடிச்சாலும் குடிப்பேன், அக்காகிட்டச் சொல்லமாட்டேன் என்று அழுதாள். சரி போ, நாளைக்கு நானே சொல்கிறேன் என்று மூட்டையை வாங்கி உள்ளே வைத்தேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். நான் வாய்த்துடுக்குக்காரி, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று ஊரே சொல்லும்.

மறுநாள் அக்கா கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியின் கையிலும் வைத்தார். எதுக்குப் பெரியம்மா என்று அதுகள் கேட்டதற்குச் சும்மாதான் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து மட்டும் சிரித்தார். என் உள்ளங்கையில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார். நானும் வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்படியே எட்டு மாதம் போனது. ஒவ்வொரு மாதமும் வந்து, இப்ப என்ன அளவு இருப்பான் டீச்சர் என்று கேட்பார். மூணு மாசப் பிள்ளைக்கு இவ்வளவு, ஆறு மாசப் பிள்ளைக்கு இவ்வளவு என்று சார்ட்டைப் பார்த்து நான் சொல்வேன். அவர் அதற்கு மேல் ஒரு இன்ச் சேர்த்துக்கொள்வார். குப்புற விழுந்திருப்பான், இப்போது தவழ்வான் என்று மெஷினோடு பேசிக்கொண்டே தைப்பார். தைத்ததெல்லாம் ஏலக்காய்க்காரி கைக்குப் போய், அங்கிருந்து முந்தானைக்குள் மறைந்து என் கடைக்கே திரும்பி வந்தது. எனக்கும் ஏலக்காய்க்காரிக்கும் நடுவில் அந்தச் சின்னச் சட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

ஜாக்கெட் வெட்டிய மிச்சத்தையெல்லாம் அக்கா ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். கத்தரிப்பூக் கலர், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். அதையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டு, நடுவில் பழைய வேட்டியை நாலு மடிப்பாக வைத்து, தொட்டிலுக்கு ஒரு விரிப்புத் தைத்தார். பேட்ச் ஒர்க் என்று நான் மற்றப் பிள்ளைகளுக்குத் தலையணை உறையில் சொல்லிக்கொடுத்ததைத்தான் பார்த்துச் செய்தார். மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நான்கு தடவை பிரித்தார். ஐந்தாவது தடவை நான் உட்கார்ந்து பொருத்திக் கொடுத்தேன். ஊசி என் விரலில் ஏறியது. எனக்கு அது நன்றாக வேண்டும் என்று தோன்றியது.

அந்த மார்கழியில் ஒரு நாள் அக்கா வீட்டுக்காரரோடு கடைக்கு வந்தார். அந்த மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறேன். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தவர். மருந்தடித்து மருந்தடித்துக் கண் இரண்டும் சிவந்திருந்தது. நான் பேய் மாதிரி ஓர் ஆளை நினைத்து வைத்திருந்தேன். இவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எட்டு மாசப் பையனுக்கு என்னென்ன வேணும்னு பாத்து எடுத்துக் குடு தாயி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

பேரன் பிறந்த விஷயத்தை அக்கா ஒரு வாரத்துக்கு முன்னால் சாப்பாடு போடும்போது அவரிடம் சொல்லியிருக்கிறார். பாதிச் சோற்றில் எழுந்து போனவர் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், யாரு சாயல்னு சொன்னாகளா என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு ஜீப் ஏறிப் போய் மூன்று பேரையும் கூட்டி வந்துவிடுவது என்று இப்போது முடிவாகியிருந்தது. வழிகாட்ட ஏலக்காய்க்காரி.

தொப்பி டப்பாவை அவர் முன்னால் வைத்துவிட்டு, அக்காவை அளவு எடுக்கிற திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டையையும் காட்டினேன். ஜாக்கெட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். சின்னச் சட்டைகளைத் தொடவில்லை.

"ஒண்ணுகூடவா குடுக்கல?"

"இல்லக்கா."

"அப்ப அவ எங்கன இருக்கா?"

"தெரியலக்கா."

"உங்களுக்கு எம்புட்டு நாளாத் தெரியும்?"

"எட்டு மாசமா."

என்னைப் பார்த்தார். அடித்திருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். வெளியே அவர் வீட்டுக்காரர் கடைப்பெண்ணிடம், இது தலைக்குப் பத்துமாம்மா, பையன் தலை பெருசா இருந்தா என்ன செய்ய என்று கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இப்ப அவுககிட்டச் சொல்லாதீக. மகளுக்காக இவுக மலை ஏறமாட்டாக. பேரனுக்காகவாச்சும் ஏறட்டும்."

வெளியே போய், அந்த மஞ்சத் தொப்பியையே எடுங்க என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்.

மலையில் நடந்ததை ஏலக்காய்க்காரிதான் வந்து சொன்னாள். முதல் தோட்டத்தில் இல்லை. சரி, அடுத்த தோட்டம் என்று இறங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனார்கள். லயம் லயமாக, அதுதான் அங்கே கூலியாட்கள் குடியிருக்கிற வரிசை வீடு, அந்த மனிதர் முன்னால் போய், கைக்குழந்தையோட ஒரு தமிழ்ப் பிள்ளை, கோம்பைக்காரி, பாத்தீகளா என்று கேட்பார். குழந்தை வைத்திருக்கிறவளையே எல்லோரும் கைகாட்டினார்கள். அவர் தாண்டிப் போனதும் அக்கா பின்னாலேயே வந்து, குழந்தை இல்லாமலும் இருப்பா தாயி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று அதே வாசலில் மெதுவாக இன்னொரு முறை கேட்பார்.

ஆறாவது ஞாயிறு, நெடுங்கண்டம் தாண்டி ஒரு லயத்தில் அந்தப் பிள்ளை இருந்தாள். ஈரக் கையோடு வெளியே வந்தவள் அப்பாவைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். வற்றிப்போய் இருந்தாளாம், அம்மாவைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது என்றாள் ஏலக்காய்க்காரி. அந்த மனிதர் மகளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பேரன் எங்க?"

"யாரு பேரன்?" என்றது அந்தப் பிள்ளை.

ஏலக்காய்க்காரி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நான்தான் பொய் சொன்னேன். கூட வந்த இவளுக்கும் ஒண்ணும் தெரியாது. இல்லாட்டி நீங்க வந்துருக்க மாட்டீக."

அவர் தொப்பியும் உடுப்பும் இருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகப் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அக்கா ஜீப் வரைக்கும் நடந்து வந்தார். ஏறவில்லை.

"நீங்க போங்க. ஊருல கேட்டா நானும் செத்துட்டேன்னு சொல்லிருங்க. உங்களுக்குப் பழக்கம்தான."

ஜீப் மலை இறங்கிக் கம்பத்துக்கு வந்து சேரும் வரை அந்த மனிதர் சத்தம் போட்டு அழுதாராம். ஆனாலும் திரும்பிப் போகவில்லை. இதுவரைக்கும் போகவில்லை.

ஏலக்காய்க்காரி இன்னமும் மலைக்குப் போய் வருகிறாள். எப்போதாவது கடைக்கு நூல் வாங்க வரும்போது, அக்கா அங்கேயே ஏலக்காய் எடுக்கிறது, பிள்ளை இப்ப பரவாயில்லை என்பாள். அந்த ஆறு ஜாக்கெட்டையும் அவளிடம் கொடுத்தனுப்பினேன். நாம் போய்விட்டு வருவோம் டீச்சர் என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் பார்த்தாள். பண்டிகைத் தையல் குவிந்து கிடக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். உண்மையில் எனக்கு அந்த முகத்துக்கு எதிரே போய் நிற்கத் தைரியமில்லை. போன மாதம் வந்தபோது கவுண்டரில் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா உங்களைக் கேட்டாக டீச்சர். டீச்சர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லன்னு சொல்லச் சொன்னாக" என்றாள்.

அக்கா சொன்னதா, என் முகத்தைப் பார்த்து இவள் வாயில் வந்ததா? கேட்டுவிடலாம்தான். நூல்கண்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சரி, கேட்டதாச் சொல்லு என்றேன்.